வரிக் குறைப்பை யார் தோற்கடித்தார்கள்?

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், வருமான வரியைப் படிப்படியாக ஒழிக்க வழிசெய்யும் அரசியல் சட்டத் திருத்தத்தை மக்களே தோற்கடித்தார்களாமே! வரி குறைவதை விரும்பாத மக்களும் உண்டா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவர்கள் தோற்கடித்தது வரிக் குறைப்பை அன்று. தனிநபர் வருமான வரியை எல்லோருக்கும் ஒரே சீராக 3 சதவீதமாக்கும் சட்டத்தை 2024 நவம்பரிலேயே சட்டமன்றம் நிறைவேற்றிவிட்டது. அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட மாநில விற்பனை வரி 4.45 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்ந்தது. இரண்டும் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், மார்ச் 29 அன்றுதான் வாக்கெடுப்பு நடந்தது.

மக்கள் முன் வைக்கப்பட்டது வேறொன்று. மாநில அரசியல் சட்டத்தில் வரியையும் நிதியையும் பற்றிய ஏழாம் பிரிவை ஏறத்தாழ முழுமையாகத் திருத்தி எழுதும், நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட மசோதா அது. வருமான வரி விகிதத்துக்கு அரசியல் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பைக் குறைப்பது, கல்விக்கான மூன்று அறக்கட்டளை நிதிகளைக் கரைத்து ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தின் கடனை அடைப்பது, அதில் மிச்சமாகும் பணத்தை ஆசிரியர் ஊதியத்துக்குத் திருப்புவது, சொத்து வரி விலக்குகள் பலவற்றை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துச் சாதாரணச் சட்டத்துக்கு மாற்றுவது என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ கேட்டார்கள். சுமார் 65 சதவீதத்தினர் ‘இல்லை’ என்றார்கள்.

வரி விலக்குகளை மறுபரிசீலனை செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்குத் தரும் விலக்கு இன்னொருவர் தலையில் சுமையாக இறங்குகிறது என்பதால் அவ்வப்போது கணக்குப் பார்ப்பது நியாயமே. ஆனால், அரசியல் சட்டத்தில் உள்ள விலக்கை நீக்க மக்களின் வாக்கு வேண்டும். சாதாரணச் சட்டத்தில் உள்ளதை நீக்கச் சட்டமன்றமே போதும். எந்த விலக்கு நாளை போகும் என்று தெரியாத நிலையில், தங்கள் கையிலிருக்கும் தடுப்பதிகாரத்தை விட்டுக்கொடுக்க மக்கள் ஏன் முன்வர வேண்டும்? (அன்று வாக்கெடுப்புக்கு வந்த மற்ற மூன்று திருத்தங்களும் தோற்றன. சிறார்களைப் பெரியவர்களாக விசாரிப்பது பற்றிய ஒன்றின் மீதிருந்த எதிர்ப்பும் பலரை வாக்குச்சாவடிக்கு அழைத்துவந்தது.)

வருமான வரியை அடியோடு ஒழிப்பதே ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி அறிவித்துள்ள இலக்கு. அப்படி ஒழித்தால், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எந்த வரியிலிருந்து பணம் வரும், அந்த வரியை யார் அதிகம் கட்டுவார்கள் என்பதையும் எழுதி, அதைத் தனிக் கேள்வியாக அவர் வாக்குச்சீட்டில் வைக்கட்டும்; உங்கள் சந்தேகத்துக்கு லூசியானா மக்களே நேரடியாகப் பதில் சொல்வார்கள்.