மலைப்பாதையும் பக்கத்து இருக்கையும்

அன்புள்ள ஐயா,

வரும் மார்ச் முதல் வாரத்தில் நானும் மனைவியும் ஈரோட்டிலிருந்து எங்கள் காரிலேயே நீலகிரிக்கு நான்கு நாள் பயணமாகச் செல்ல எண்ணியிருக்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, ஊட்டியில் தங்கி, கல்லட்டிப் பாதையில் முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிக்கு இறங்கி, மறுபடி ஏறி, கோத்தகிரி வழியாகத் திரும்புவது என் திட்டம். ஆனால் மனைவிக்கு மலைப்பாதை என்றாலே பயம். சென்ற ஆண்டு ஏற்காடு சென்றபோது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கதவின் கைப்பிடியை அவர் விடவே இல்லை. இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். குமட்டலும் இருந்தது. "நான்தானே ஓட்டுகிறேன், பிறகென்ன பயம்?" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஊட்டியைப் பார்க்க அவருக்கும் ஆசைதான். இந்தப் பயணத்திலாவது அவருடைய பயத்தைப் போக்க ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பயத்தைப் போக்குவது என்ற நோக்கத்தை இந்த நான்கு நாட்களிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. உங்கள் மனைவி ஊட்டியைப் பார்க்க வருகிறார், வைத்தியத்துக்கு வரவில்லை. அவருடைய பயம் இவ்வளவு என்று ஏற்றுக்கொண்டு, அதற்குள் அடங்குகிற பயணத்தை வகுப்பதுதான் உங்கள் வேலை. நீலகிரியில் அது முடியும் என்பதை அந்த மலையின் அமைப்பே சொல்கிறது.

நீலகிரி ஒரு பீடபூமி. சமவெளியிலிருந்து அதன் விளிம்பை எட்டும் வரைதான் கடும் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் உயர்கிறோம். மேலே போய்விட்டால் சாலைகள் வளைந்தாலும் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்கள், யூக்கலிப்டஸ் தோப்புகள், ஊர்கள் ஆகியவற்றின் நடுவே ஏறி இறங்கிச் செல்பவைதான். ஜன்னலுக்கு வெளியே சமவெளி வரை திறந்து கிடக்கும் பள்ளம் அங்கே எப்போதாவதுதான் கண்ணில் படும். ஆகவே உங்கள் திட்டத்தை நாள் கணக்கிலோ கிலோமீட்டர் கணக்கிலோ பார்க்காமல், பீடபூமியின் விளிம்பை எத்தனை முறை கடக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். குன்னூர் வழியாக ஏறுவது ஒன்று, மசினகுடிக்கு இறங்குவது இரண்டு, திரும்ப ஏறுவது மூன்று, கோத்தகிரி வழியாக இறங்குவது நான்கு. ஏற்காட்டில் ஒரு முறை இறங்கியதற்கே அழுதவரை நான்கு நாட்களில் நான்கு முறை விளிம்புக்குக் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள். இரண்டு போதும், அந்த இரண்டையும் தவிர்க்க முடியாது.

மசினகுடியை விட்டுவிடுங்கள். தலைக்குந்தாவில் பிரிந்து இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சரிவும் மிகக் கடுமை. அங்கே நடந்த விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்குவதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றிப் போகலாம்தான், ஆனால் அதுவும் விளிம்பைக் கடக்கும் பாதையே. காட்டுக்குள் யானையைப் பார்க்கும் ஆசை உங்களுடையது என்று கடிதத்தை வாசிக்கும்போது தோன்றியது. அதை வேறொரு முறை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கோத்தகிரிச் சாலையையே பரிந்துரைக்கிறேன். குன்னூர்ச் சாலையில் காட்சிகள் அதிகம் என்பதும், பர்லியாறில் நின்று பழம் வாங்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் பேருந்தும் லாரியும் அதில் மிகுதி, கொண்டை ஊசி வளைவுகளும் மிகுதி. பயப்படுகிறவரைக் கலங்கடிப்பது வளைவுகளின் எண்ணிக்கை மட்டுமன்று. எதிரில் திடீரென்று முளைக்கும் பேருந்தும், லாரியை முந்துவதற்காக நீங்கள் வலப்பக்கம் ஒதுங்கும் அந்தச் சில விநாடிகளும் அதைவிட அதிகமாகக் கலங்கடிக்கும். இறங்கும்போதும் அதே வழியில் வந்தால், எந்த வளைவு எங்கே வரும் என்பது ஓரளவு அவருக்கும் தெரிந்திருக்கும். கோடையில் ஏற, இறங்க என்று இரண்டு சாலைகளையும் ஒருவழியாக மாற்றுவார்கள். மார்ச் முதல் வாரத்தில் அந்தச் சிக்கல் பொதுவாக இருக்காது. மழையும் மூடுபனியும் குறைந்த மாதம் அது.

நீங்கள் யோசித்திராத ஒன்றும் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து பீடபூமியின் மேலேயே குன்னூருக்குச் சென்று தங்கி, காரை விடுதியிலேயே விட்டுவிட்டு, ஊட்டிக்கு மலை ரயிலில் போய் வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் 46 கிலோமீட்டர் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையேதான் பற்சக்கரத்தின் உதவியோடு ஏறும் செங்குத்துப் பகுதி. அங்கே பாலங்களும் பள்ளங்களும் உண்டு என்பதால் அதை உங்கள் மனைவிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். குன்னூரிலிருந்து வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டிக்குச் செல்லும் மேல்பகுதி மென்மையானது. ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். இதில் உங்களுக்கும் ஓர் ஆதாயம் உண்டு: மலையில் காரோட்டுகிறவர் சாலையைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. கேத்திப் பள்ளத்தாக்கை நீங்கள் இருவரும் ஒரே ஜன்னலில் பார்க்கலாம். பயணச்சீட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் காரில் ஊட்டியைக் கடந்து பைக்காரா வரை செல்லலாம். புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி வரும் அந்தச் சாலை பீடபூமியின் மேலேயே ஓடுவதால், அவர் கைப்பிடியை விடுவதற்கு வாய்ப்பிருக்கிறது. அங்கிருந்து திரும்பிவிடுங்கள்.

இனி இருக்கை. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால் முன்னிருக்கைப் பயணிதான் சாலையின் ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறார். பள்ளம் இடப்பக்கம் வரும் இடங்களில் உங்களுக்குத் தெரிவது தார்ச்சாலையும் தடுப்புச் சுவரும், அவருக்குத் தெரிவது சுவருக்கு அப்பால் இருப்பது. "நான்தானே ஓட்டுகிறேன்" என்பது அவருக்கு ஆறுதல் தராததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கையில் ஸ்டீயரிங், காலடியில் பிரேக். அவருக்கு அந்தக் கைப்பிடி மட்டும்தான். ஏறும்போது மலைச்சுவரை ஒட்டிச் சென்ற அதே இடத்தில் இறங்கும்போது பள்ளத்தின் ஓரமாகச் செல்வோம் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குமட்டலுக்கு முன்னிருக்கையும் தொலைவைப் பார்ப்பதும் நல்லது, பயத்துக்கோ உங்களுக்குப் பின்னால் வலப்பக்க இருக்கை நல்லது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் ஒருவர் ஏறும்போது முன்னாலும் இறங்கும்போது பின்னாலும் உட்காரலாம் என்பது என் எண்ணம்; முடிவு அவருடையது. வண்டிக்குள் கைப்பேசித் திரையைப் பார்க்க வேண்டாம். வெறும் வயிற்றோடும் வேண்டாம், பொங்கலும் வடையும் முட்டச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு அவர் முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம். அது தூக்கம் வரவழைக்கும் என்பதால் நீங்கள் தொடக்கூடாது.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அவ்வப்போது மட்டும் மிதித்தால் போதும். எப்போதும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும், தீய்ந்த வாடையும் வரும். அந்த வாடை வந்தபிறகு உங்கள் மனைவியை எந்தச் சொல்லாலும் அமைதிப்படுத்த முடியாது, அவர் பயப்படுவதும் நியாயமே. நியூட்ரலில் இறங்கவே கூடாது. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டம். நின்று வழிவிடுங்கள், பின்னால் ஹாரன் அடிப்பவரையும் போகவிடுங்கள்.

பேச்சு குறைவாக இருக்கட்டும். "அடுத்தது வலப்பக்க வளைவு, எதிரில் பேருந்து வருகிறது, நிற்கப்போகிறேன்" என்று நீங்கள் செய்யப்போவதைச் சொன்னால் போதும். அவர் நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துவதாக வீட்டிலேயே வாக்குக் கொடுங்கள். அப்படி நிறுத்தியதற்காக அன்று மாலை விடுதியில் கேலி செய்யாமலும் இருங்கள்.

வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்தைக் காலை ஒன்பது மணிக்குள் கடந்துவிட வேண்டும், திரும்பும் நாளில் மதிய உணவை முடித்ததும் கோத்தகிரியிலிருந்து இறங்கிவிட வேண்டும். இருட்டில் இறங்கும் நிலை எக்காரணத்தாலும் வரக்கூடாது. விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தத் திட்டத்தை அவரிடமே வாசிக்கக் கொடுத்து, வேண்டாதவற்றை அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.