ஊசி, நூல், ஆச்சி

போன இதழில் இந்தப் பக்கம் வரவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கண்புரை எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் ஊசி பக்கமே போகக் கூடாது என்றார் மருத்துவர். வீட்டில் எல்லோரும் சேர்ந்து தையல் பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தார்கள். இப்போது திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை: சந்தன நிறம் என்று நினைத்து இரண்டு வருடமாகப் பின்னி அடுக்கியிருந்ததெல்லாம் சுத்த வெள்ளை. சாம்பல் என்று நினைத்த ஒரு கண்டு இளநீலமாம். பள்ளத்தூர் முழுக்கச் சந்தன நிறம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

ஆச்சி, எங்க ஆத்தா வைத்திருந்த பழைய இங்கிலீஷ் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) புத்தகத்தைப் பார்த்து வட்ட விரிப்பு ஒன்று போடுகிறேன். தையல்களை யூடியூப்பில் கற்றுக்கொண்டேன். முதல் சுற்றில் 6 ‘டபுள்’ தையல், பிறகு சுற்றுக்கு 6 கூட்ட வேண்டும் என்று இருக்கிறது. எண்ணிக்கை பிசகவே இல்லை. ஆனால் ஐந்தாவது சுற்றிலேயே ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாகிவிடுகிறது. மூன்று முறை பிரித்துவிட்டேன். என் கை சரியில்லையா?
— வாசகி, கோனாபட்டு

உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது. புத்தகம் லண்டன், யூடியூப் அமெரிக்கா. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் ‘டபுள் குரோஷா’ என்று சொல்வதை அமெரிக்கர்கள் ‘சிங்கிள் குரோஷா’ என்பார்கள். அமெரிக்காவின் ‘டபுள்’ இங்கிலாந்துக்கு ‘டிரெபிள்’. உங்கள் புத்தகத்து டபுள், குட்டைத் தையல். நீங்கள் யூடியூப் பார்த்துப் போட்டது அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். குட்டைத் தையலில் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் வட்டம் ஒரு சுற்று பெருக்கும்போது ஓரத்தில் ஆறு தையல் அளவுக்கு இடம் கூடும். ஆறு கூட்டினால் தட்டையாக உட்காரும். உயரத் தையல் போட்டால் வட்டம் ஒரே சுற்றில் இரண்டு மடங்கு வெளியே போய்விடுகிறது, அதற்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். நீங்கள் ஆறுதான் கொடுத்தீர்கள். ஓரத்துக்கு நூல் பற்றவில்லை, இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டது. இதுவே அளவுக்கு மேல் கூட்டியிருந்தால் ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அடித்திருக்கும். கிண்ணம் என்றால் குறைவு, கொசுவம் என்றால் அதிகம். பிரிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள், பாதிப் பிரிப்பு மிச்சம்.

புத்தகம் எந்த நாட்டுக்காரருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. உள்ளே ‘சிங்கிள்’ என்ற சொல் அடிக்கடி வந்தால் அமெரிக்கா. ஒரு தையலை விட்டுத் தாண்டச் சொல்லும் இடத்தில் ‘ஸ்கிப்’ என்றிருந்தாலும் அமெரிக்காதான். ‘மிஸ்’ என்றிருந்தால் இங்கிலாந்து.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான். அப்பச்சி பினாங்குக் கடைக் கணக்கை முடித்துக்கொண்டு வந்தபோது பெட்டியில் ஒரு பின்னல் புத்தகம் கொண்டுவந்தாக. எனக்கு அப்போது பதினாறு வயது. பக்கத்து வீட்டில் விருந்தாட வந்த அக்காள் ஒருத்தி அமெரிக்கப் பத்திரிகை பார்த்துப் பழகியவள். அவளிடம் தையல் கற்றுக்கொண்டு, அப்பச்சியின் புத்தகத்தைப் பார்த்துப் போட்டேன். பதினோரு தட்டு விரிப்பு போட உட்கார்ந்து பதினோரு தொப்பி போட்டேன். ஆத்தா திட்டவில்லை. ஓரத்தில் நாலு நாலு கண்ணாடி மணி கோத்து, மோர்ச் செம்புக்கெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டாக. ஈ அண்டாமல் நன்றாகவே உட்கார்ந்தது. அதில் இரண்டு இன்னும் இருக்கிறது.

ஓலைக் கொட்டானுக்குக் குரோஷா உறை போட ஆசை. அடி சதுரம், வாய் வட்டம். வட்டமாக ஆரம்பிப்பதா, சதுரமாகவா? திருமணத்துக்குத் தேங்காய் வைத்துக் கொடுக்க 40 வேண்டும்.
— வாசகி, தேவகோட்டை

சதுரமாகத்தான். மேலே சொன்ன கணக்கிலேயே இதுவும் அடங்கும். குட்டைத் தையல் போடுகிறீர்கள் என்று வையுங்கள். நாலு மூலையிலும் ஒரே கண்ணில் மூன்று தையல். மற்ற இடத்தில் கண்ணுக்கு ஒன்று. சுற்றுக்கு எட்டு கூடும், சதுரம் தட்டையாக வளரும். கொட்டானின் அடி அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். அவ்வளவுதான், சுவர் தானாக எழும்பும். மேலே போகப் போக மூலை மழுங்கி வாய் வட்டமாகிவிடும். ஓலையும் அப்படித்தானே, அடியில் நாலு மூலை பிடித்து முடைந்து மேலே வரும்போது வட்டமாகிறது. ஓலை முடைகிற கையும் நூல் பின்னுகிற கையும் ஒரே இடத்தில் ஒரே காரியத்தைச் செய்வதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

பருத்தி நூல் போதும், 2 மி.மீ. ஊசி. உறையைக் கொட்டானைவிட ஒரு விரற்கடை சின்னதாகப் போடுங்கள், இழுத்து மாட்டினால்தான் தொங்காது. சாயம் போட்ட ஓலைக்கு வெள்ளை உறை வேண்டாம். கொட்டானில் ஈரத் தேங்காய் வைத்த அன்றே ஓலைச் சாயம் உறைக்கு வந்துவிடும்.

40 உறை என்றால் நாளுக்கு ஒன்று வீதம் நாற்பது நாள். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முகூர்த்தம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் கையால் பின்னிய மேஜை விரிப்பு கிடைத்தது. மஞ்சள் பூத்து, ஓர் இடத்தில் ஓட்டை. பிளீச்சிங் பவுடரில் ஊறவைக்கலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

ஐயோ, வேண்டாம். மஞ்சள் போகும், கூடவே நூலும் போகும்.

முதலில் ஓட்டையைக் கட்டுங்கள், அப்புறம்தான் தண்ணீர். குரோஷாவில் ஒவ்வொரு தையலும் தனக்குத்தானே பூட்டிக்கொண்டது. அதனால் ஸ்வெட்டர் மாதிரி ஒரு கண்ணி விட்டால் அடிவரைக்கும் ஏணி ஏணியாக ஓடாது. ஆனால் அறுந்த இடத்தைச் சுற்றி நாலு தையல் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரில் நனைந்து கனத்தால் அதுவும் போகும். சுற்றியுள்ள நல்ல தையல்களை மெல்லிய நூலால் பிடித்துவைத்துவிட்டு, பிறகு ஓட்டையைப் பின்னி நிரப்புங்கள். புது நூல் பளிச்சென்று தெரிந்தால், வடிகட்டிய டிகாஷன் தேநீரில் கால் மணி நேரம் போட்டு எடுங்கள். பழைய விரிப்பின் நிறத்துக்கு வந்துவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஊறவிட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் துணி விரித்து அதன்மேல் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும். வடிவத்துக்கு ஊசி குத்துகிறவர்கள் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் சாதாக் குண்டூசி குத்திவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது ஓரம் நெடுக முப்பது துருப்புள்ளி.

கஞ்சி போட்டு விறைப்பாக்கி உள்ளே வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்த மாவுதான் விருந்து. சும்மா துவைத்து, சலவை செய்த பழைய வேட்டியில் உருட்டி வையுங்கள். வெளியே எடுக்கும்போது கஞ்சி போட்டுக்கொள்ளலாம். சர்க்கரைப் பாகு போட்டால் நன்றாக விறைக்கும் என்று யாராவது சொல்வார்கள். விறைக்கும். எறும்பும் வரும்.

பழம்பொருள் கடையில் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள் என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டு விவகாரம். அந்த அளவு மேஜை விரிப்பு ஒன்றைப் போட எனக்கு எட்டு மாதம் பிடித்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வயது 61.
— வாசகர், சிவகங்கை

ஊசிக் காதின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் வழவழப்பு. நுழையாவிட்டால் ஊசியைத் திருப்பிப் பிடியுங்கள். நூல் நுனியைச் சாய்வாக நறுக்கி, விரலிடுக்கில் நுனி மட்டும் தெரியும்படி பிடித்து, ஊசியை நூலிடம் கொண்டுவாருங்கள். பின்னால் வெள்ளைக் காகிதம். நூலை எச்சில் பண்ணுவதைவிட ஊசிக் காதை ஈரம் பண்ணுவது மேல். இதற்கும் மசியாவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள். நான் ரொம்ப நாள் ஊசியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆத்தாவின் நைந்த கண்டாங்கிச் சேலையை வெட்டித் தலையணை உறை தைக்கலாமா? மனசு வரவில்லை.
— வாசகி, கோட்டையூர்

வளவு முற்றத்து வெளிச்சத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் விழும் இடமும் கால் தட்டும் ஓரமும் சல்லடையாக இருக்கும். முந்தியும் மேல் கரையும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். நைந்ததை விட்டுவிட்டுக் கெட்டியான பகுதியில் வெட்டுங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு வந்தது 2019-இல். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் பழைய சேலைக்கெல்லாம் பங்கு கேட்கிறார்கள். அதற்கு முன்னால் அதைத் தொட்டிலுக்கும் மெத்தைக்கும் கிழித்த வீடுதான் இது. அதனால் வெட்டுவது பாவம் என்றெல்லாம் நான் நினைப்பதில்லை.

அளவு எடுக்கச் சாக்பீஸ் வேண்டாம். பிள்ளையார் நோன்புக்குக் கோடி வேட்டியில் நாளுக்கு ஓர் இழை உருவுவோமே, அது போல வெட்ட வேண்டிய இடத்தில் ஓர் இழையை நுனி பிடித்து மெல்ல உருவுங்கள். பாதியில் அறுந்தால் அடுத்த முனையைப் பிடித்து உருவலாம். இழை போன தடம் நேர்கோடாகத் தெரியும், அதன்மேல் கத்தரி ஓட்டுங்கள். கட்டம் போட்ட துணி ஒரு நூல் கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளுக்குப் புதுத் துணி வைத்தால், தைப்பதற்கு முன் அதைத் துவைத்துவிடுங்கள். சேலை சுருங்கவேண்டியதெல்லாம் இருபது வருடம் முன்பே சுருங்கி முடித்துவிட்டது. புதுத்துணி இனிமேல்தான் சுருங்கும். துவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே உறை சுக்காய் சுருண்டுவிடும்.

தையல் மெஷினில் மேலே தையல் அழகாக இருக்கிறது, அடியில் நூல் குருவிக் கூடாகிவிடுகிறது. பாபினைப் பத்து முறை மாற்றிவிட்டேன்.
— வாசகி, திருப்பத்தூர்

அடியில் சிக்கல் என்றால் குற்றம் மேலே. மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. அமுக்கும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருந்தால் தட்டு இறுகியிருக்கும், நூல் உள்ளே போகாமல் மேலோடு நிற்கும். அப்படியும் ஆனால் ஊசியை மாற்றுங்கள். சாதாப் பருத்தித் துணிக்கு 14 ஆம் நம்பர்.

மெஷின் கனக்கிறது, தேங்காய் எண்ணெய் விட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரும் ஒரு தடவை விட்டார். மார்கழி விடியலில் எண்ணெய் உறைந்து, பஞ்சுத் தூசியோடு பிசினாகி, சக்கரம் அசையவில்லை. பொங்கலுக்குத் தைக்க வாங்கிய துணியெல்லாம் தைக்காமலே கிடந்தது. மெஷின் எண்ணெய் மட்டும்தான்.

சிங்கப்பூரில் மகளுக்கு முதல் குழந்தை. கையால் ஏதாவது பின்னி எடுத்துப் போக வேண்டும். ஸ்வெட்டர்?
— வாசகி, அரிமளம்

அங்கேயும் நம் ஊர் வெயில்தான், ஸ்வெட்டர் பீரோவில் கிடக்கும். ஏசி அறைக்குப் பருத்தி நூலில் ஒரு போர்வை போடுங்கள். பெரிய கண் வேண்டாம், குழந்தை விரல் மாட்டிக்கொள்ளும். கழுத்தில் கயிறு, மணி, பொத்தான் எதுவும் கூடாது. கொடுப்பதற்கு முன் இரண்டு முறை துவைத்து உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் பின்னுவதை விற்க ஆரம்பித்திருக்கிறேன். “நூல் விலை நூறு ரூபாய்தானே, இவ்வளவு கேட்கிறாயே” என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— வாசகி, காரைக்குடி

குரோஷாவை மெஷினில் போட முடியாது என்று சொல்லுங்கள். கடையில் மெஷின் பின்னலாக அவர்கள் பார்ப்பது வேறு வகை. அச்சு அசல் குரோஷா எந்த ஊரில் செய்தாலும் ஒருத்தி உட்கார்ந்து கையால்தான் போட்டிருப்பாள். நூல் விலையோடு நேரத்தையும் எழுதிக் கூட்டுங்கள். ஒரு கொட்டான் உறைக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு ஆறு மணி நேரத்துக்கு என்ன கொடுப்போமோ அதைவிடக் குறைத்து நான் கேட்பதில்லை. பேரம் பேசுகிறவரிடம் ஊசியையும் நூலையும் கொடுத்து, “நீங்களே போடுங்கள் அப்பச்சி, நான் சொல்லித் தருகிறேன்” என்பேன். ஒரே ஒருவர் உட்கார்ந்தார். இப்போது அவர் என்னைவிட நன்றாகப் போடுகிறார், அது வேறு கதை.

பாதிப் பணம் முன்னால் வாங்காமல் ஊசி எடுக்காதீர்கள். ஒரு கடையில் விற்றதும் தருகிறோம் என்றார்கள் என்று பத்து உறையை நம்பிக் கொடுத்தேன். சீட்டுக்கூட வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் போனால், எட்டு உறை எங்கே போனது என்று அங்கே யாருக்குமே தெரியவில்லை. இரண்டு மட்டும் கண்ணாடி ஜன்னலில் வெயில் பட்டு வெளிறிக் கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து பிரித்தேன். வெயில் பட்ட இடம் மட்டும் வெளிறி, தையலுக்குள் மறைந்திருந்த இடம் பழைய அரக்குச் சிவப்பாகவே இருந்ததால், நூல் முழுக்க ஒரு விரற்கடை சிவப்பு, ஒரு விரற்கடை ரோஜா என்று மாறி மாறி வந்தது. சாயப்பட்டறையில் சொல்லிச் செய்தாலும் அப்படி வராது. அதிலேயே ஒரு வட்ட விரிப்பு போட்டு முகப்பில் வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து வீடு பார்க்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, கேட்ட விலை தருகிறேன் என்றாள். தரமாட்டேன் என்றுவிட்டேன்.