விடியவிடியக் குரைக்கும் பைரனீஸ்

நாயைக் காப்பகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கொடுத்துவிடாதீர்கள். ராத்திரி வீட்டுக்குள் படுக்க வையுங்கள், குரைப்பு பெருமளவு குறையும்.

காப்பகத்திலிருந்து வந்து பத்து நாளான கிரேட் பைரனீஸ் நாய் விடியவிடியக் குரைக்கிறது, வேலி தாண்டுகிறது என்கிறீர்கள். பாவம், அது கெட்ட பழக்கமில்லை. பிரான்சு–ஸ்பெயின் எல்லை மலைகளில் ஓநாயிடமிருந்து ஆடுகளைக் காத்த இனம் அது. இருட்டினால்தான் அதற்கு வேலை நேரம். உங்கள் எல்லை எதுவரை என்றும் இன்னும் தெரியாது.

பொழுது சாயும்போது வாரைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாகச் சுற்றி நடங்கள். எந்த இடத்தில் உஷாராகி அதன் வால் முதுகின்மேல் வளையமாக ஏறுகிறது என்று பாருங்கள். எங்கள் பெண்நாய்க்குப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு எதிரே ஏறியது. அங்கே பலகை அடித்து மறைத்தோம்.

சங்கிலியில் மட்டும் கட்டாதீர்கள், மூர்க்கம் கூடும். வயதான நாயென்றால் வலியோ காது மந்தமோ காரணமாகலாம். முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.