கனடாவா, இலங்கையா? ஒரு சக்கர நாற்காலி போன தூரம்

"கனடாவில் வாழ்க்கைத் தரம் இலங்கையை விட உண்மையிலேயே உயர்வா? வயதான பெற்றோரை அங்கே கூப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம், வாடகை என்று கணக்குப் போட நான் வரவில்லை. என் அப்பாவின் சக்கர நாற்காலி இரண்டு நாட்டிலும் எவ்வளவு தூரம் போனது என்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். சீனி வருத்தம் முற்றி 2014இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்தது இங்கே, அரசாங்க ஆஸ்பத்திரியில். சத்திரசிகிச்சைக்கு ஒரு சதம் கட்டவில்லை. வெளிநாட்டைப் புகழும்போது நாங்கள் இதை மறந்துவிடுகிறோம்.

2016இல் ஸ்பொன்சரில் ரொறன்ரோவுக்கு என்னிடம் வந்தார். பிறகு அவருக்குப் புது நாற்காலி வாங்கியபோது விலையில் 75 சதவீதத்தை ஒன்ராறியோ மாகாண அரசே கொடுத்தது. 65 வயது தாண்டியவர் என்பதால் இன்சுலினுக்கும் பெரிய செலவில்லை.

அவர் முதன்முதலாகத் தனியாகப் பஸ்ஸில் போய் வந்த நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் தரிப்பிடம் வரைக்கும்தான் போனேன். சாரதி ஒரு பொத்தானை அழுத்தினார். பஸ் அப்படியே ஒரு பக்கம் பதிந்து, கதவடியில் இருந்து ஒரு தட்டு மடிப்பு விரிந்து நடைபாதையில் படிந்தது. அப்பா தானே சில்லை உருட்டி உள்ளே போனார். நூலகத்துக்குப் போய்விட்டு இரண்டு மணித்தியாலத்தில் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கேல்ல, தெரியுமே!" என்றார். இரண்டு வருடமாக யாராவது தூக்கித் தூக்கியே வெளியே போன மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் குளிர்காலங்கள். வீதியில் வழித்த ஸ்னோவைச் சந்தி மூலையில், நாற்காலி இறங்கும் அந்தச் சரிவிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். சில்லில் உப்பு வெள்ளையாகப் படியும். பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். நான் வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம், அப்பா பத்தாம் மாடியில் ஜன்னலோடு. ஒரு மாசி மாதம், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு லிப்டில் ஏறும்போது மெல்லச் சொன்னார்: "ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கேல்ல." அதே வசனம்தான். எனக்கு வாயில் பதில் வரவில்லை.

2023இல் ஊருக்கே கொண்டுவந்து விட்டேன். நானும் கூட வந்தேன், இன்னும் போகவில்லை. காலையில் கேற்றடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருப்பார். மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பெட்டியைத் திறந்து, "மாஸ்டர், இண்டைக்கு நல்ல சூடை, கையில எடுத்துப் பாருங்கோ" என்பான். வாங்காவிட்டாலும் ஐந்து நிமிடம் நிற்பான். பழைய மாணவர்கள், பக்கத்து வீட்டு ஆச்சி, ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் என்று பத்து மணிக்குள் இருபது பேரிடமாவது பேசிவிடுவார். இதை எந்த அரசாங்கமும் எனக்குக் கனடாவில் செய்து தர முடியாது.

ஆனால் கேற்றுக்கு அங்கால்? பென்சன் எடுக்கிற வங்கிக்கு நான்கு படி. காவலாளி, வரிசையில் நின்ற இரண்டு பெடியள், வெளியே கச்சான் விற்கிறவர், நான்கு பேருமாக நாற்காலியோடு தூக்கினார்கள். "ஐயா, கெட்டியாப் பிடியுங்கோ" என்று அவ்வளவு அன்பு. அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் வடிகானுக்கு மேல் போட்ட கொங்கிரீட் மூடிகள் ஒன்று உயரம், ஒன்று பள்ளம். கோணேசர் கோயிலுக்குப் போனாலும் படியடியில் நின்று கும்பிடுவதுதான். மினி பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு இலங்கையில் 1996இலேயே சட்டம் வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஒன்ராறியோவில் இப்போதுள்ள, எங்கும் தடையில்லாமல் போய்வருவதற்கான சட்டம் 2005இல் வந்தது. அங்கே 2025க்குள் முடிக்க வேண்டும் என்று தவணை வைத்து வேலை செய்தார்கள். எங்கள் ஊரில் புதிதாகக் கட்டுகிற கடைக்கும் இன்றைக்கு மூன்று படி வைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நாலு பேர் ஓடிவந்து தூக்குகிற ஊரில், ஒரு சரிவு கட்டினால் அவர்கள் தூக்கவே தேவையில்லை என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

பெற்றோரைக் கூப்பிடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் அவர்கள் இப்போது ஒரு நாளில் எத்தனை பேரிடம் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மொழி தெரிந்து, தானாக வெளியே போய் ஆள் பிடித்துப் பேசக்கூடியவர் என்றால் ரொறன்ரோ அவரை நன்றாக வைத்திருக்கும். அப்படி இல்லையென்றால் இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். ஊர் வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

போன மாதம் எங்கள் வாசலில் சாய்வுப்பாதை கட்டினோம். மேசன் மூன்று அடி போதும் என்றார். அப்பா விடவில்லை. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும், அது அங்கே படித்த கணக்கு. படி எட்டு அங்குலம், ஆகவே எட்டு அடி. நாற்காலியில் இருந்தபடியே நூல் பிடித்து அளந்தார். இப்போது சந்திக்கடை வரைக்கும் தனியாகப் போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு வருகிறார். முழங்கால் வருத்தம் உள்ள பக்கத்து வீட்டு ஆச்சியும் அந்தப் பாதையால்தான் எங்கள் வீட்டுக்கு ஏறுகிறா. நேற்றுக் கடைக்காரர் வந்து அளவு கேட்டுவிட்டுப் போனார். அவருடைய கடைக்கு இரண்டு படி.