மூன்று மீட்டர் வேண்டாம், 60 சென்டிமீட்டர் போதும்

அன்புள்ள சார்,

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மைக்செட் இல்லாமல் நடந்த ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை இரண்டு ஆம்னி மைக் (எல்லாப் பக்கமும் கேட்கும் வகை) வைத்துப் பதிவு செய்தேன். ஆளுக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு தூரம் மைக்குகளுக்கு நடுவே இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதனால் கலைஞர்களுக்கு 1 மீட்டர் முன்னால், 3 மீட்டர் இடைவெளியில் வைத்தேன். ஹெட்போனில் மிருதங்கம் இடது காதிலும் வயலின் வலது காதிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாடகர் எங்கோ தள்ளி இருக்கிறார், தலையை அசைத்தால் இடம் மாறுகிறார். போன் ஸ்பீக்கரில் போட்டால் குழாய்க்குள் பாடுவதுபோல இருக்கிறது. பேசாமல் முன்பக்கத்தை மட்டும் அதிகமாகக் கேட்கும் கார்டியாய்டு மைக் வாங்கிவிடவா?

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வேண்டாம். மைக்கில் குறையில்லை. அந்த மூன்று மடங்குக் கணக்கு ஆளுக்கொரு மைக் வைக்கும்போது பக்கத்து ஆளின் சத்தம் அதிகம் கசியாமல் இருப்பதற்கானது. உங்கள் இரண்டு மைக்கும் சேர்ந்து ஒரே மேடையைக் கேட்கின்றன. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

ஆம்னி எல்லாப் பக்கமும் கேட்கும் என்பதால் இடது வலது வித்தியாசம் பெரும்பாலும் நேரத்தில்தான் வருகிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். 1 முதல் 1.5 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தாலே ஸ்பீக்கரில் அந்த ஒலி முழுசாக ஓரத்துக்குப் போய்விடும், ஹெட்போனில் அதைவிடக் குறைவே போதும். உங்கள் மிருதங்கம் நடுவிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதன் ஒலி இடது மைக்கைத் தொட்டு 5 மில்லிசெகண்டுக்கும் மேல் கழித்துத்தான் வலதுக்கு வருகிறது, பிறகு ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பாடகர் பக்கவாட்டில் 10 செ.மீ. அசைந்தால் அரை மில்லிசெகண்ட் மாறுகிறது. போனில் இரண்டு சானலும் ஒன்றாகக் கலக்கும்போது இதே நேர வித்தியாசத்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன. நீங்கள் கேட்ட குழாய் அதுதான்.

அகலமாக வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1933ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பைக் கம்பி வழியே வாஷிங்டனுக்கு அனுப்பியபோது மூன்று மைக் வைத்தார்கள். 1950களில் லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்து ஆட்கள் ஒரு சட்டத்தில் மூன்று மைக்கை மாட்டினார்கள்: இடமும் வலமும் ஏறக்குறைய 2 மீட்டர் விலகி, நடு மைக் சுமார் ஒன்றரை மீட்டர் முன்னால். அகலம் வந்த இடத்திலெல்லாம் நடுவில் ஒன்று இருக்கிறது பாருங்கள். அதுவும் மேடை நிறைய ஆள் உட்கார்ந்து வாசிக்கும் இசைக்குழுவுக்கு. நமக்கோ நாலு பேர், ஒரு ஜமுக்காளம்.

நான் இந்த மாதிரிக் கச்சேரிக்கு 2 மீட்டர் முன்னால், 60 செ.மீ. இடைவெளியில் வைப்பேன். அதே மிருதங்கத்துக்கு இப்போது வித்தியாசம் 0.9 மில்லிசெகண்ட், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே வந்துவிடும். பாடகரின் அசைவு 0.1கூட வராது. கல் மண்டபத்தில் எதிரொலி அதிகமாகத் தெரிந்தால் ஒன்றரை மீட்டருக்கு நெருங்குங்கள், ஆம்னி மண்டபத்தையும் சேர்த்துத்தான் கேட்கும். மிருதங்கம் தூக்கலாக இருந்தால் மைக்கைத் திருப்பிப் பயனில்லை. ஸ்டாண்டோடு நகர்த்துங்கள், அல்லது உயர்த்துங்கள். (இடக்கை மிருதங்கக்காரர் வந்தால் மிருதங்கமும் வயலினும் இடம் மாறி உட்காரும், முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம் மின்விசிறி. ஆம்னியின் அடிக்குரல் அழகு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், ஒருமுறை முழு ஆலாபனையையும் மேடைக்கு மேலே சுற்றிய விசிறியின் உறுமலோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மைக்செட் வைத்த கச்சேரி என்றால் மேலே சொன்ன கணக்கு உதவாது. மைக்குகள் பாடகரைவிட ஸ்பீக்கர் பெட்டிகளைத்தான் அதிகம் கேட்கும். அங்கே மைக்செட்டின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேராக ஒரு லைன் வாங்கிக்கொண்டு, ஆம்னி ஜோடியை அரங்கத்தின் சத்தத்துக்கு மட்டும் மெல்லியதாகச் சேருங்கள். மைக்குகள் பெட்டியிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் மிக்சர் டிராக்கைச் சுமார் 29 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளிப் பாருங்கள், இல்லாவிட்டால் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் தடித்துக் கேட்கும்.