ஒரு செமஸ்டருக்கு அமெரிக்கா வரும் வேலூர் ஆசிரியைக்கு

முதலில் வாழ்த்துகள்மா. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறீர்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வருகைதரு ஆசிரியராக ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் அழைத்திருக்கிறது. அங்கே நம்மை யார் மதிப்பார்கள், சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவோமோ என்று பயம். கணவரையும் பையனையும் கூட்டி வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் குடியாத்தத்துப் பெண். மிச்சிகனில் பாடம் நடத்துகிறேன். எங்கள் துறைக்கு வரும் வெளிநாட்டு ஆசிரியர்களைக் கவனிப்பதும் என் பொறுப்புதான்.

உங்கள் பயத்தில் பாதி நியாயம். முதல் வாரம் சாவி, அடையாள அட்டை, மேசை எல்லாம் கொடுத்து அன்பாகப் பேசுவார்கள். அப்புறம் அவரவர் வேலையில் மூழ்கிவிடுவார்கள். நீங்களாகக் கேட்காதவரை, தனியாக இருக்கத்தான் விரும்புகிறீர்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். கேட்டால் மட்டும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதனால் கூச்சத்தை காட்பாடி ஜங்ஷனிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

வந்ததும் மற்றவர்களின் வகுப்பில் போய் உட்கார அனுமதி கேளுங்கள். ஆராய்ச்சிக் கூடத்தைவிட அங்கேதான் உங்களுக்கு லாபம். உள்மதிப்பீடு 25, பல்கலைத் தேர்வு 75 என்று பழகிய நமக்கு, பாடம் நடத்துபவரே கேள்வித்தாள் எடுத்து, அவரே திருத்தி, அவரே கிரேடு போடுவது புதிது. என் சக ஆசிரியை ஒருவர் லேப் ரிப்போர்ட் திருத்தும் அட்டவணையைச் சோதனைக்கு முன்பே மாணவர்களிடம் கொடுத்துவிடுவார். கணக்கீட்டுக்கு எவ்வளவு, கிராஃப் அச்சில் அலகு எழுதியதற்கு எவ்வளவு, பிழை எங்கே வந்திருக்கும் என்று யோசித்ததற்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பிழையை ஒளிக்காமல் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் கூடும். இந்த ஒரு தாளை நம் கல்லூரி லேபுக்குக் கொண்டுபோனாலே பெரிய மாற்றம் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாங்கிக்கொள்ள மட்டும் வராதீர்கள். நீங்கள் கொடுக்கவும் நிறைய இருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள், ராணிப்பேட்டை குரோமியக் கழிவு, நிலத்தடி நீர் எல்லாம் உங்களுக்கு வீட்டு விஷயம். இங்கே சுற்றுச்சூழல் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் கிடைக்காது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான். ஒரு மணி நேர விருந்தினர் வகுப்புக்கு இதைவிட நல்ல தலைப்பு எது? இப்படி ஒரு வகுப்பு எடுத்துவிட்டால், யார் மதிப்பார்கள் என்ற கேள்வியே உங்களுக்கு மறந்துவிடும்.

இனி காகித வேலை. உங்களைப் போல் பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கானது ஜே-1 விசா. அதற்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகம் தரும் டிஎஸ்-2019 படிவத்தை எந்தப் பிரிவில் தருகிறார்கள் என்று இப்போதே கேளுங்கள். குறுகியகால அறிஞர் பிரிவு அதிகபட்சம் 6 மாதம்தான், நீட்டிக்க முடியாது. ஆனால் ஆராய்ச்சி அறிஞர் பிரிவில் வந்து முடித்துப் போனால், அதே பிரிவில் திரும்பி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரே செமஸ்டர் என்பதால் முதல் பிரிவு போதும். நம் அரசோ அமெரிக்க அரசோ பணம் கொடுத்தால், ஊரில் 2 வருடம் இருந்த பிறகுதான் எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ வாங்க முடியும் என்ற விதியும் உண்டு. மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்குக் குறைந்தது 1,00,000 டாலர் வரை அது தாங்க வேண்டும். கூட வந்தால் கணவருக்கும் பையனுக்கும் எடுக்க வேண்டும்.

குடும்பம் வரலாம், அரசுப் பள்ளியில் பையனுக்குக் கட்டணமும் கிடையாது. கணவர் வேலைக்கு அனுமதி கேட்கலாம்தான், ஆனால் அது கைக்கு வருவதற்குள் உங்கள் செமஸ்டரே முடிந்துவிடலாம். அவர் சம்பளம் நின்றாலும் சமாளிக்க முடியுமா என்று கணக்குப் போட்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், பையனின் படிப்பு நடுவில் அறுபடாமல், நீங்கள் மட்டும் வந்து போவதே நல்லது.

இந்த வாரமே உங்களை அழைத்த பேராசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்த வகுப்புகளில் உட்கார ஆசை, எந்தத் தலைப்பில் பேசத் தயார் என்று இரண்டையும் அதில் எழுதிவிடுங்கள்.