எட்டு வயது மகளுக்கு எந்தத் தமிழ்ப் புத்தகம் வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் சரளமாகப் பேசுவாள், கதை என்றால் உயிர். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு வரி படித்துவிட்டு மூடிவைக்கிறாள். முந்நூறு பக்க நீதிக்கதைத் தொகுப்பு ஒன்று வாங்கினேன், தூசி படிந்து கிடக்கிறது. என்ன புத்தகம் வாங்கலாம்? (வாசகி, கோவை)

பதில்: உங்கள் மகளுக்குக் கதைமேல் ஆசை இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. ஆகவே பாதிக் கவலையை விடுங்கள். அவளுடைய காது எட்டு வயதுக் கதையைக் கேட்கிறது. தமிழ் எழுத்துக்குப் பழகாத கண் ஒன்றாம் வகுப்பிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் தேடுவதால்தான் எதுவும் சரிவரவில்லை. அவளாகப் படிக்க ஒன்று, நீங்கள் படித்துக்காட்ட ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள்.

அவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ என்று ஒரு சொல் வருகிறது. நமக்கு அது கண்ணில் பட்டதுமே புரிந்துவிடும். அவளுக்கு அது 11 எழுத்து. அதிலும் ‘கொ’வைப் பாருங்கள்: கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாகவே படித்துப் பழகிய குழந்தை ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் திரும்பி வந்து திருத்திக்கொள்ள வேண்டும். ‘போ’வில் மறுபடியும் அதே பாடு. சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துபோகிறது. இப்படிப் பத்துச் சொல் படித்தால் கதை எங்கே மனதில் நிற்கும்? புத்தகத்தை மூடத்தான் தோன்றும்.

அதனால் அவள் படிக்க வேண்டிய புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எழுத்து பெரிதாக, வெள்ளைத் தாளில் கருப்பாக இருக்கட்டும். படத்தின்மேலேயே எழுத்தை அச்சடித்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெரியவர்களுக்கே எரிச்சல் தரும் பழக்கம் அது. கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து அவளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று சொல்லுக்கு மேல் திணறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். அட்டையில் என்ன வயது போட்டிருந்தாலும் சரி.

இன்னொன்று. எழுத்து எளிது என்பதற்காகப் பாப்பாக் கதையைக் கொடுத்தால் எட்டு வயதுக்காரிக்குக் கோபம் வரும். ‘இது தம்பிக்கு’ என்று தள்ளிவிடுவாள். நகைச்சுவை, துப்பறிதல், பூச்சிகள், விண்வெளி என்று அவள் வயதுக்கேற்ற விஷயம், ஆனால் குறைந்த சொற்களில் இருக்க வேண்டும். பாட்டும் நல்லது. எதுகை இருந்தால் அடுத்த சொல்லைப் பாதி ஊகித்தே படித்துவிடலாம். அழ. வள்ளியப்பாவின் பாட்டுகள் இன்றும் குழந்தைகள் வாயில் சுலபமாக நுழைவது அதனால்தான்.

எங்கே தேடுவது? செலவில்லாமல் தொடங்க, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இலவசமாகப் படிக்கலாம், பதிவிறக்கி அச்சும் எடுக்கலாம். முதல் நிலையிலிருந்தே ஆரம்பியுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். குறைந்த விலைக்கு நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள், நல்ல படங்களுக்குச் சென்னையின் தூலிகா. பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரித்துப் போட்ட சின்னப் புத்தகங்களும் இவளுக்குப் பொருந்தும். தெரிந்த அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இருமொழிப் புத்தகங்களை மட்டும் நான் இப்போதைக்குச் சொல்லமாட்டேன். ஆங்கிலம் பக்கத்திலேயே இருந்தால் கண் அங்கேதான் ஓடும்.

சரி, அந்த முந்நூறு பக்கம்? அது நீங்கள் படித்துக்காட்டும் புத்தகம். இரவில் ஒரு கதை போதும். ‘நீதி’ என்று கடைசியில் வரும் பத்தியைப் படிக்காதீர்கள். நரி செய்தது சரியா என்று அவளே கேட்பாள். அந்தப் பேச்சு எந்த நீதியையும்விட நன்றாக இருக்கும். வாக்கியம் நூல்நடையில் விறைப்பாக இருந்தால் நீங்களே பேச்சுநடைக்கு மாற்றிச் சொல்லலாம். ஆனால் நடுநடுவே சில வரிகளை உள்ளபடியே படியுங்கள். நூல்நடையும் காதுக்குப் பழக வேண்டும்.

அவள் படிக்கும்போது ண, ன குழப்பத்தையெல்லாம் அப்போதே திருத்த வேண்டாம். பொருள் மாறினால் மட்டும் நிறுத்துங்கள். படித்து முடித்ததும் என்ன புரிந்தது என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம். ஒரே புத்தகத்தை அவள் பத்து முறை கேட்டாலும் கொடுங்கள். ஐந்தாவது முறை அந்த 11 எழுத்தை அவள் ஒரே மூச்சில் படிப்பாள்.